யாரும் வாங்க வராத ரிப்போர்ட்

அந்தத் தையல்காரியை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருந்தவர்கள் ஞாபகம் வைத்திருந்ததற்குக் காரணம், அவள் ஜன்னலில் போட்ட சண்டை. ஃபைல் அட்டையில் அவளுக்கு வயது ஐம்பத்தொன்று என்று விழுந்திருந்தது.

"நாப்பத்தொண்ணுங்க எனக்கு. நீங்க பாட்டுக்குப் பத்து வருஷத்த என் தலையில ஏத்திட்டா, அத யாரு வாழறது?"

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த ஃபைல் அக்காவும் சிரித்துக்கொண்டே ஐந்தை அடித்து நான்காக்கினாள்.

ஃபைல் அக்கா என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு விழுந்த பெயர். ஆயாக்களிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலையில் வருகிறவர்களுக்குப் பழைய ஃபைலைத் தேடி எடுத்து மேலே அனுப்ப வேண்டும். சாயங்காலம் திரும்பி வருவதை அதனதன் இடத்தில் சொருக வேண்டும். இடுப்பு உயரத்தில் உள்ளவற்றுக்குச் சிரமமில்லை. மேல் தட்டுக்கு ஏணி, கீழ் தட்டுக்கு முட்டி போட வேண்டும். முட்டியில் அவளுக்குக் காய்த்துப் போயிருந்தது.

இந்த வேலையில் மனிதர்கள் முகமாக வருவதில்லை. நம்பராக வருவார்கள். யாருக்கு எந்த வருஷம் என்ன வலி, யார் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டார், யாருக்கு மூன்றாவது கர்ப்பமும் தங்கவில்லை, எல்லாம் தெரியும். அதே ஆள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து காலை மிதித்தால் அடையாளம் தெரியாது. ஒரு ஃபைல் தடித்துக்கொண்டே வந்தால் "பாவம்" என்பார்கள். அது ஒருநாள் கடைசி அலமாரிக்கு, இனி யாரும் கேட்க வராத அலமாரிக்குப் போனால், அன்றைக்கு டீ குடிக்க யாரும் எழுந்து போக மாட்டார்கள். பிறகு பக்கத்து மேஜை ஸ்டாம்பு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். எந்தக் காகிதத்தையும் படிப்பதற்கு முன்பே முத்திரை குத்திவிடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

யாரும் வாங்க வராத டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் வாரக் கடைசியில் கட்டாக இங்கே வந்துசேரும். அதை அந்தந்த ஃபைலில் வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், அப்படி வந்த கட்டில் தையல்காரியின் பெயர் இருந்தது. ஃபைல் அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 'பத்து வருஷக்காரி.' அப்புறம் உள்ளே இருந்த வரியைப் பார்த்தாள்.

அவள் டாக்டருக்குப் படித்தவளில்லை. ஆனால் சில வார்த்தைகள் உண்டு, கண்ணில் பட்டாலே என்னவென்று தெரிந்துவிடும். மார்பில் இருந்த கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பார்த்துவிட்டு எழுதிய அந்த ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வார்த்தை இருந்தது. கீழே சிவப்பு மையில் 'உடனே வரச் சொல்லவும்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

மேலே போய்க் கேட்டாள். நர்ஸ், லேபில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். லேபில், நர்ஸ் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தார்கள். ஃபைல் அட்டையில் இருந்த நம்பருக்கு ஃபைல் அக்காவே போன் போட்டாள். ஒரு ஆண் குரல் எடுத்தது. வண்டி ஓடும் சத்தம்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. உங்க வீட்டம்மாவ வந்து டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் வந்திருக்கு."

வண்டிச் சத்தம் நின்றது. "சொல்றேன்" என்றது குரல்.

வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "சொல்லிட்டேங்க, வருவா" என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நாம எடுத்து வைக்கிறவங்க" என்றார் ஸ்டாம்பு. "தூக்கிட்டு வர்றவங்க இல்ல. போன் பண்ணதே அதிகம். ஆபீசருக்குத் தெரிஞ்சா அதுக்கே ஒரு மெமோ எழுதுவாரு."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"முகம் தெரியாதவளா இருந்தா கட்டி வச்சிருப்பேன். இவ முகம் தெரிஞ்சு தொலைஞ்சிருச்சே."

அந்த வாரம் ஃபைல் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏணியில் நிற்கும்போதும் ஜன்னல் பக்கமே காது இருந்தது. பெண் குரல் உரக்கக் கேட்டால் எட்டிப் பார்த்தாள். வீட்டில் துணி துவைக்கும்போது, ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டி என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைப்பு ஓடியது. கடைசியில் ஒரு மத்தியானம் ஆபீசரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அட்டையில் இருந்த முகவரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் என்பதோடு நின்றுவிட்டது. இரண்டு பஸ் மாறி இறங்கிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. எது பின்புறம் என்று தெரியாமல் நாலா பக்கமும் வீடுகள் இருந்தன. டீக்கடையில் விசாரித்தாள்.

"தையல்காரம்மா வீடா? நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

ஆஸ்பத்திரி என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். சொன்னால் அவள் போய்ச் சேருவதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். "துணி தைக்கணும்" என்றாள். கடைக்காரர் அவளுடைய கையைப் பார்த்தார். கையில் குடையும் ஒரு தோள்பையும் தவிர ஒன்றுமில்லை.

வீட்டின் முன்னறையே தையல் கடை. இரண்டு மெஷின். ஒன்றில் தையல்காரி நீல நிறச் சட்டைத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் அவள் நாத்தனார், புருஷனின் தங்கை, பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். தைத்து முடித்த யூனிஃபார்ம் சட்டைகள் சுவரோரம் கைகளை மடித்துக்கொண்டு அடுக்கடுக்காகக் கிடந்தன. மழையில் காயாத துணி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது.

"வாங்க, என்ன தைக்கணும்?" தலையைத் தூக்காமலே கேட்டாள் தையல்காரி.

"பை... ஜிப்பு சரியா வரமாட்டேங்குது."

பையை வாங்கி இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான வருது?" என்று நிமிர்ந்தவள், முகத்தையே பார்த்தாள். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. இருங்க, இருங்க. பத்து வருஷம்! ஆஸ்பத்திரி ஜன்னல் அம்மாதான நீங்க!" நாத்தனார் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். "சொன்னேன்ல, என்னைக் கிழவியாக்கப் பாத்தாங்கன்னு. இவங்கதான்."

இருவரும் சிரித்தார்கள். ஃபைல் அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். அது பாதியில் நின்றது. அதைத் தையல்காரி பார்த்துவிட்டாள். மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"டெஸ்ட் வந்துருச்சா?"

"வந்திருக்கு. டாக்டரப் பாத்துட்டு வாங்கிக்கணும். அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

"ஏதாவதுன்னா தகவல் சொல்லுவோம்னாங்க. ஒரு தகவலும் இல்ல. அப்ப ஒண்ணும் இல்லன்னு நினைச்சுட்டேன். நீங்க ஒரு போனாவது போட்டிருக்கலாமே."

ஃபைல் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவளுக்குத் தெரியவே தெரியாது. 'சொல்றேன்', 'சொல்லிட்டேன்' என்ற அந்தக் குரல் சொல்லவேயில்லை. அதை இப்போது இவளிடம் சொல்வதா? ஒரு வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்து, இன்னும் உட்காரக்கூட இல்லாமல், புருஷன் மறைத்ததைப் பெண்டாட்டியிடம் போட்டு உடைப்பதா? சுவரில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க" என்று நாத்தனார் ஸ்டூலைத் தள்ளினாள்.

"என்ன இருக்கு அதுல?" என்றாள் தையல்காரி.

"அத டாக்டர்தாம்மா சொல்லணும். நாங்க எடுத்து வைக்கிறவங்க."

"நீங்க பாக்கலையா?"

"பாத்தாலும் எனக்குப் புரியாது."

"புரியாதவங்க இந்த மழையில இங்க வருவாங்களா? நல்லா இருக்கற பைக்கு ஜிப்பு போட?"

ஃபைல் அக்கா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஓட்டின் விளிம்பிலிருந்து மழை வாசல் கல்லில் சொட்டியது. நாத்தனார் கையிலிருந்த நூலைத் திரும்பத் திரும்ப ஊசிக் காதில் நுழைத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்துரும்மா. காலையில வா. நான் ஜன்னல்லதான் இருப்பேன்."

"நாளைக்கு இந்தச் சட்டையெல்லாம் போகணுமே."

"சட்டை கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்னா அத்தனை பசங்களும் வெறும் உடம்போட ஸ்கூலுக்குப் போகுமா?" என்றாள் தையல்காரி. குரல் பழையபடி இருந்தது. கை மட்டும் மடியில் கிடந்த துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தது.

வெளியே சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. தையல்காரியின் புருஷன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். ஈரத்தை உதறி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவக் கொல்லைப் பக்கம் நடந்தவர், வந்திருப்பவள் யாரோ துணி தைக்க வந்த பெண் என்று நினைத்துக் கவனிக்கவில்லை.

"நான் கிளம்பறேம்மா. நாளைக்கு வந்து டாக்டரப் பாத்துருங்க" என்றாள் ஃபைல் அக்கா.

அவர் நடை நின்றது. மெதுவாகத் திரும்பினார்.

"போன்ல பேசினது நீங்கதானா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லாமல் நின்றார்.

தையல்காரி அவரைப் பார்த்தாள். ஃபைல் அக்காவைப் பார்த்தாள். மறுபடி அவரை.

"எந்தப் போன்?"

அவர் கையிலிருந்த சாக்கை மடித்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். எந்தப் போன்?"

"கூப்பிட்டாங்க" என்றார். "ரெண்டு தடவ."

"எப்ப?"

"போன வாரம். அதுக்கு முந்தியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சுவரோடு சாய்ந்துகொண்டார். பெரிய உடம்பு. மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் அகன்று போனவர். "எங்கம்மா வயித்து வலின்னு தன் கால்லயே நடந்துதான் உள்ள போச்சு. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். வாசல்ல எறங்கி, 'நீ வண்டிய ஓரமா விடு, நான் உள்ள போறேன்'னு சொல்லிட்டுப் போச்சு. வெட்டணும்னாங்க. வெட்டினாங்க. திரும்ப வண்டியில ஏறவேயில்ல. இவங்க போன் பண்ணதும் எனக்கு அந்த வாசல்தான் கண்ணுல நின்னுச்சு. சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"அண்ணே" என்றாள் நாத்தனார். அவளுக்கும் அதே அம்மாதானே.

"உங்கம்மா போச்சுன்னா நானும் போயிருவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். கத்தவில்லை. மெஷின் பக்கம் திரும்பி, ஓட்டிக்கொண்டிருந்த சட்டைக் கையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். மிதித்தாள். தையல் கோணலாக ஓடியது. நிறுத்தி, பிளேடால் தையலைப் பிரித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணலாகவே போனது.

"அண்ணி, குடுங்க, நான் பாக்கறேன்" என்று நாத்தனார் எழுந்தாள்.

"நீ காஜாவப் பாரு."

ஃபைல் அக்காவுக்கு அங்கே நிற்பதும் தப்பாக இருந்தது, போவதும் தப்பாக இருந்தது. வந்திருக்கவே கூடாதோ என்று தோன்றியது. காகிதத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் இன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். குடையை எடுத்தாள். யாரும் இரு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜன்னல் திறந்ததிலிருந்து அவள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமுகிறவர், குழந்தையைத் தோளில் போட்டவள், கட்டுப் போட்ட கால். தையல்காரி இல்லை. கேட்ட ஃபைல் ஒன்றாகவும் எடுத்தது வேறாகவும் இரண்டு தடவை ஆனது. மேலேயிருந்து நர்ஸ் போன் பண்ணித் திட்டினாள்.

"பல்வலி எப்படி இருக்கு?" என்றார் ஸ்டாம்பு.

"எந்தப் பல்?"

"அதான பாத்தேன்." அவர் முத்திரையைக் கீழே வைத்தார். "போயிட்டு வந்தீங்களா?"

நடந்ததைச் சொன்னாள். ஸ்டாம்பு வழக்கம்போல ஒன்றும் ஜோக் அடிக்கவில்லை. எழுந்து போய் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். "நீங்க மேல் தட்டு ஏறாதீங்க இன்னிக்கு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மத்தியானம் வரிசை கரைந்தது. டாக்டர்கள் எழுந்திருக்கும் நேரம். இனி வரமாட்டாள் என்று அவள் ஜன்னல் கதவை இழுக்கப் போனபோது, நாத்தனார் முன்னால் ஓடி வந்தாள். பின்னால் தையல்காரி. புடவை முழுக்க நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"எல்லாச் சட்டையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள். "டாக்டர் இருக்காரா, போயிட்டாரா?"

ஃபைல் அக்கா எழுந்தாள். ஃபைலை எடுத்துக்கொண்டு தானே மாடிப்படி ஏறினாள். ஸ்டாம்பு ஜன்னலில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். ரிப்போர்ட்டில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் கழற்றி வைத்தார். தையல்காரி உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் ஃபைல் அக்காவும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெக்கார்டு ரூமில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததில்லை. எதிர்ப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் எல்லோரும் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை வரிசையாகப் படிந்திருந்தது. இவ்வளவு பேர் இப்படி உட்கார்ந்த பிறகுதான் ஒரு ஃபைல் கீழே வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணன் வரலையா?"

"ராத்திரி பூரா வண்டிலயே படுத்திருந்தான். அண்ணி ஒரு வார்த்த பேசல. காலையில கிளம்பறப்ப வந்து நின்னான். 'வண்டியில வேணாம், நாங்க பஸ்ல போயிக்கறோம்'னுட்டாங்க."

கதவு திறந்தது. தையல்காரியின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"இருக்குதாம்" என்றாள். "சின்னதாத்தான் இருக்குதாம். பரவலையாம். அடுத்த வாரமே எடுத்துரணும்னாரு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா பேச்சே வேறன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எப்படி வந்தேன்னு கேட்டாரு. உங்களச் சொன்னேன். ரொம்ப நல்ல காரியம்னாரு."

அந்தப் பாராட்டு டாக்டர் வாய் வழியாக ஆபீசர் காதுக்குப் போனது. மறுநாள் ஃபைல் அக்காவுக்கு மெமோ வந்தது. நோயாளியின் வீட்டுக்குப் போனது விதிக்குப் புறம்பு, பல்வலி என்றது பொய். "டாக்டர் பாராட்டி மெமோ வாங்கின ஆள் இந்த ஆஸ்பத்திரியிலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார் ஸ்டாம்பு. பழக்கதோஷத்தில் மெமோவிலும் ஒரு முத்திரை குத்தினார். ஆனால் அதற்கடுத்த வாரக் கடைசியில் ரிப்போர்ட் கட்டு வந்தபோது, அவர் முத்திரையை எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு ஃபைல் அக்கா லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினாள். தையல்காரியை உள்ளே கொண்டுபோன பிறகு நாத்தனார் மருந்து வாங்கக் கடைக்கு ஓடினாள். புருஷனைக் காணவில்லை. ஃபைல் அக்கா இறங்கிப் போய்ப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க."

"இங்கயே இருக்கேங்க. கால் வரமாட்டேங்குது."

"அங்க யாரும் இல்ல. தங்கச்சி கடைக்குப் போயிருக்கு. உள்ள இருக்கறவ கண்ணு முழிச்சா யாரத் தேடுவா?"

"என்னத் தேடமாட்டா. எங்கிட்ட இன்னும் பேசல."

"சரி, என் கூட வாங்க. படி வரைக்கும் வாங்க போதும்."

படி வரைக்கும் வந்தார். பிறகு ஒரு படி, இன்னொரு படி என்று அவள் முன்னால் போக, அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பின்னால் ஏறினார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவர், அப்புறம் அசையவில்லை. ஃபைல் அக்கா பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. உள்ளேயிருந்து யார் வந்தாலும் அவர் கண் அவர்கள் கையைத்தான் பார்த்தது, முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரம் உருளும் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கீழே இருந்தவரைக்கும் இந்தப் பகுதி எல்லாம் அவளுக்கு 'ஆபரேஷன் நடந்தது' என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு நேரம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தையல்காரியின் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்றாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்த கை அப்படியே இருந்தது. நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"நான்தான்" என்று எழுந்தாள் ஃபைல் அக்கா.

"அக்கா, நீங்க ரெக்கார்டுல்ல?"

"இன்னிக்கு இவ கூட வந்தவ. சொல்லு."

"நல்லபடியா முடிஞ்சிருச்சு. முழிச்சுட்டாங்க. ஒருத்தர் வந்து பாக்கலாம்."

உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால் தையல்காரி கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறக்க முயன்று, பாதி திறந்து, யார் என்று பார்த்தாள்.

"ஜன்னல் அம்மா" என்றாள்.

"ஆமாம்மா. எல்லாம் முடிஞ்சிருச்சு. பேசாத."

பேசாமல் இருக்கிறவளா அவள்? "அவரு எங்க?" என்றாள்.

"வெளிய உக்காந்திருக்காரு."

"உள்ளயா வந்தாரு? ஆஸ்பத்திரிக்கு உள்ளயா?"

"ஆமா. மாடி ஏறி வந்து உக்காந்திருக்காரு. காலையிலேர்ந்து."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று ஃபைல் அக்கா நினைத்தாள்.

"சாப்டாரா?"

"இல்ல."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் தையல்காரி. மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாப்பிடச் சொல்லுங்க."

ஃபைல் அக்கா வெளியே வந்தாள். அவர் முகத்தைத் தூக்கினார். அவள் இரண்டையும் சொன்னாள், சொன்ன வரிசையிலேயே. அவர் இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தக் காய்ந்த பன்னை எடுத்து, முதுகு குலுங்கக் குலுங்க, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார்.